இரண்டு வண்டிகளும் ஒரு கொட்டகையும்

கொழுகொம்பின்றி வாடிய முல்லைக் கொடிக்குத் தன் தேரையே ஈந்த பாரி வள்ளலின் கதையைப் பள்ளிப் பருவத்தில் கேட்டிராத தமிழர் இரார். தேரைக் கொடுத்துவிட்டு அவன் எவ்வாறு அரண்மனைக்குத் திரும்பினான் என்பதையோ, அவனிடம் வேறு தேர்கள் இருந்தனவா என்பதையோ, இருந்தனவாயின் எதைக் கொடுப்பது எதை வைத்துக்கொள்வது என்று அவன் இல்லத்தார் கூடி ஆராய்ந்தார்களா என்பதையோ நம் ஆசிரியர்கள் சொல்லித் தந்ததில்லை. நாமும் கேட்டதில்லை. வள்ளல்களுக்கு அத்தகைய தொல்லைகள் இல்லை போலும். எங்கள் இல்லத்தில் 2022ஆம் ஆண்டு அந்த ஆராய்ச்சி நான்கு திங்கள் நடைபெற்றது. கொடுக்க வேண்டியது தேரன்று. பழைய பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டர், அல்லது பழைய மாருதி 800 கார். இரண்டில் ஒன்று.

எங்கள் வீடு அந்தமானில், போர்ட் பிளேர் நகரின் டெலானிப்பூர்ப் பகுதியில், ஒரு மேட்டின்மீது இருக்கிறது. 2024 செப்டம்பரில் இந்நகரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றப்பட்டது. மாற்றம் வந்த பிறகும் பழைய பெயரே எங்கள் வாயில் முந்திக்கொண்டு வருகிறது. ஐம்பதாண்டுப் பழக்கத்தை அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். வீட்டை ஒட்டித் தகரம் வேய்ந்த கொட்டகை ஒன்று உண்டு. எங்கள் தந்தையார் தம் கையாலேயே கம்பம் நட்டுப் போட்டது. அதில் காரும் ஸ்கூட்டரும் மாடும் கன்றும்போல் அருகருகே நின்று வந்தன. 2021 நவம்பரில் தந்தையார் காலமானார். அதன்பின் ஆறு மாதத்திற்குள் அன்னையாரின் முழங்கால்கள் படி ஏற மறுத்துவிட்டன. எங்கள் வீட்டில் படுக்கையறைகள் மாடியில். ஆகவே அவருக்குத் தரையோடு ஒட்டி ஓர் அறையும் குளியலறையும் கட்டியாக வேண்டும் என்று ஆயிற்று. மேட்டு நிலத்தில் வேறு இடம் ஏது? கொட்டகையில் பாதியை எடுத்தால்தான் அறை. பாதிக் கொட்டகையில் இரண்டு வண்டிகள் நில்லா.

இடம் மட்டும் காரணமாக இருந்திருப்பின் ஸ்கூட்டரை எங்கேனும் ஒரு தாழ்வாரத்தில் திணித்திருப்போம். சட்டமும் அந்த ஆண்டிலேயே வந்து வாயிலில் நின்றது. தனியார் வண்டிக்கு முதற்பதிவு பதினைந்து ஆண்டுகள் செல்லும். அதன்பின் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். ஸ்கூட்டர் 1987 செப்டம்பரில் பதிவானது. கார் 1997 ஜூலையில். பத்தாண்டு இடைவெளியாதலால் இரண்டின் கெடுவும் 2022இல் ஒருசேர முடிந்தன. அந்த ஏப்ரல் முதல் நாள் தொட்டு, பதினைந்து ஆண்டு கடந்த காரைப் புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆகவும், இருசக்கர வண்டிக்கு 300இலிருந்து 1,000 ஆகவும் உயர்த்தப்பட்டது. கட்டணத்தைக் கட்டினால் மட்டும் போதாது. வண்டியைச் செம்மை செய்து அதிகாரி முன் நிறுத்தித் தகுதி பெறவும் வேண்டும்.

ஸ்கூட்டரின் வரலாற்றை முதலில் சொல்லுதல் முறை. எங்கள் தந்தையார் சிவகங்கைச் சீமையிலிருந்து 1968இல் அரசுப் பணியில் எழுத்தராக இங்கு வந்தவர். பதினெட்டு ஆண்டுகள் நடந்தும், மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டும் அலுவலகம் போனார். தள்ளிக்கொண்டு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்நகரில் சமதரை அரிது. மிதிவண்டியில் நாம் ஏறிச் செல்லும் தூரத்தைவிட, அது நம்மீது ஏறி வரும் தூரம் மிகுதி. அக்காலத்தில் சேத்தக் வாங்குவதென்றால் பணம் இருந்தால் போதாது. முன்பணம் கட்டிப் பெயரைப் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 1972இல் வெளிவரத் தொடங்கிய அவ்வண்டிக்கு இராணா பிரதாப்பின் குதிரையின் பெயரைச் சூட்டியிருந்தார்கள். குதிரைக்கும் அத்துணை நாள் யாரும் காத்திருந்திரார். சென்னையில் எங்கள் மாமா பெயரில் பதிந்து, முறை வந்தபோது தந்தையார் விடுப்பெடுத்துக் கப்பலேறினார். சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே சுமார் 1,190 கிலோமீட்டர் கடல். கப்பலில் மூன்று இரவுகள். அவர் திரும்பிய கப்பலின் வயிற்றில் சாக்குச் சுற்றிய அந்த இளநீல ஸ்கூட்டரும் வந்தது. ஹாடோ துறைமுகத்தில் பாரந்தூக்கி அதனை வலையில் கட்டி அந்தரத்தில் தூக்கியபோது, அவர் கரையில் நின்று இரண்டு கைகளையும் ஏந்தியபடி இருந்தாராம், விழுந்தால் தாங்கிக்கொள்வதற்கு! நூறு கிலோ இரும்பைக் கையில் தாங்க நினைத்த அக்காட்சியை அன்னையார் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அதன்பின் முப்பத்துநான்கு ஆண்டுகள். பெட்ரோலோடு இன்ன அளவு எண்ணெய் கலக்க வேண்டும் என்பதில் அவர் மருந்து கலக்கும் வைத்தியரைப் போன்றவர். காலையில் உதைத்தும் புறப்படாவிட்டால் வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்து, குழந்தைக்குப் புரையேறினால் தட்டுவதுபோல் இருக்கையில் இரண்டு தட்டுத் தட்டுவார். மறு உதையில் கிளம்பிவிடும். அந்த வண்டியில் முன்னால் நின்றபடி ஒருவர், பின்னிருக்கையில் அன்னையார், அவர் மடியில் ஒருவர், இருவருக்கும் இடையில் நெருக்குண்டு ஒருவர் என்று நாங்கள் ஐவரும் அபர்தீன் கடைத்தெருவுக்கும், முருகன் கோயிலுக்கும், பள்ளி ஆண்டு விழாவுக்கும் போனோம். இன்று அப்படிப் போனால் அபராதம். அன்று அதுவே குடும்பம்.

கார் வந்த கதை சிறியது. இந்தத் தீவில் பணிமாற்றலாகித் திரும்பும் அலுவலர் பலர் தம் வண்டியைக் கப்பலேற்றிச் செல்வதில்லை. செலவும் அலைச்சலும் மிகுதி என்று இங்கேயே விற்றுவிட்டுப் போவார்கள். அவ்வாறு 2001இல் ஓர் அலுவலரிடமிருந்து நாங்கள் வாங்கியது அந்த வெள்ளை மாருதி. எங்களுள் மூத்தவருக்கு வேலை கிடைத்த ஆண்டு அது. தந்தையார் அதனை ஒருபோதும் ஓட்டக் கற்றுக்கொள்ளவில்லை. முன்னிருக்கையில் அமர்ந்து, மழை பெய்யும்போது மட்டும் அதைப் பாராட்டுவார். மே மாதம் தொடங்கி டிசம்பர் வரை மழை பெய்யும் நாட்டில் அது சிறிய பாராட்டன்று.

மழையைச் சொன்னதும் துருவைச் சொல்ல வேண்டும். இங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை. எந்தத் திசையில் நடந்தாலும் சற்று நேரத்தில் உப்புக் காற்று முகத்தில் படும். இரும்பு வாங்குகிற எவரும் இங்கே அதனைக் கடலோடு பங்கு போட்டுக்கொண்டுதான் வாங்குகிறார். முதலில் கதவின் அடிவிளிம்பில் வண்ணம் கொப்புளிக்கும். கொப்புளத்தைக் குத்தினால் உள்ளே பழுப்புத் தூள். அடுத்து மிதியடிக்குக் கீழே தரைத்தகடு மெலியும். ஒரு நாள் குழந்தை "அப்பா, ரோடு தெரியுது" என்று காலடியைக் காட்டும். எங்கள் காரில் அது 2020இல் நிகழ்ந்தது. ஓட்டைமீது ஒரு பிளைவுட் பலகையைப் போட்டு, அதன்மேல் மிதியடியைப் போட்டு, நாங்கள் மானத்தைக் காத்துக்கொண்டோம்.

உதிரி உறுப்புகளுக்கும் கப்பலைத்தான் நோக்க வேண்டும். சேத்தக்கின் உற்பத்தி இந்நூற்றாண்டின் முதற்பத்தாண்டின் நடுவிலேயே நின்றுவிட்டது. மாருதி 800 கடைசியாக வந்தது 2014 ஜனவரியில். ஒரு கிளட்ச் கம்பிக்குச் சென்னையிலுள்ள எங்கள் தங்கை புதுப்பேட்டைக் கடைகளில் அலைந்து, வருகிற யாரிடமேனும் கொடுத்தனுப்ப வேண்டும். ஊறுகாய்ப் பாட்டிலுக்கும் உளுந்தப் பொட்டலத்துக்கும் நடுவே கார்புரேட்டர் பாகங்கள் வந்து சேர்ந்த நாட்கள் உண்டு.

தீவுகளில் வாழ்வோர் வண்டியை விடாது பற்றிக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம். யாழ்ப்பாணத்தில் 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், பெட்ரோல் கிடையாத நிலையில், ஆஸ்டின் கேம்பிரிட்ஜ், மோரிஸ் மைனர் முதலான பழைய கார்களைச் சில துளி பெட்ரோலால் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். கியூபாவில் 1959க்கு முந்திய அமெரிக்கக் கார்கள் பேரன் காலத்திலும் தெருவில் ஓடுகின்றன. சிங்கப்பூரும் தீவுதான், ஆனால் அங்கே கணக்கு நேர்மாறு. 1990இல் வந்த முறைப்படி, கார் வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றையே ஏலத்தில் எடுக்க வேண்டும். அதன் ஆயுள் பத்தாண்டு. அங்கு வாழும் எங்கள் உறவினர் ஒருவர் எங்கள் காரின் வயதைக் கேட்டுவிட்டு, "இது வண்டியா, மூதாதையா?" என்றார். அவர் நகைச்சுவையாகத்தான் கேட்டார். எங்களுக்கோ அதில் விடை சொல்ல முடியாத ஒரு கேள்வி இருந்தது.

ஏனெனில் ஸ்கூட்டரின் பதிவுப் புத்தகத்தில் இன்னும் தந்தையார் பெயரே இருந்தது. காரின் புத்தகத்திலும் அவ்வாறே. உரிமையாளர் இறந்தால் முப்பது நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதத்திற்குள் வாரிசு பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. எங்களுக்கு அது தெரியாமலில்லை. எங்களுள் ஒருவர் அரசு அலுவலர். அந்தப் படிவத்தின் எண் உட்பட அவருக்கு மனப்பாடம். இருந்தும் செய்யவில்லை. குடும்ப அட்டையில் பெயர் நீக்கினோம், வங்கியில் நீக்கினோம், ஓய்வூதிய ஏட்டில் மாற்றினோம். ஒவ்வொரு முறையும் ஓர் எழுத்தர் அவர் பெயர்மீது சிவப்பு மையால் ஒரு கோடு இழுப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். இந்த இரு புத்தகங்களையேனும் விட்டுவைப்போமே என்று நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லாமலே ஒத்துப்போனோம். தவறுதான், காப்பீடும் சிக்கலாகும், பிறர் எவரும் எங்களைப் பின்பற்றுதல் வேண்டா.

ஆலோசனை தொடங்கிற்று. பட்டறைக்காரர் இரு வண்டிகளையும் பார்த்தார். காருக்குத் தரைத்தகடு வெட்டி ஒட்டும் டிங்கர் வேலைக்கு மட்டும் 28,000 ரூபாய். டயர் இரண்டு, மின்கலம் ஒன்று தனி. ஸ்கூட்டரின் எந்திரம் நலம், அடிப்பாகத்தில் துரு, 4,000 இருந்தால் தகுதிச் சோதனையில் தேறிவிடும். கணக்கு நேரானது: காரை விற்க வேண்டும். பழைய இரும்பு விலைக்குப் போனாலும் தரைத்தகட்டுச் செலவு மிச்சம். தேவைக்கு ஆட்டோ இருக்கிறது. இது எங்களுள் ஒரு சாராரின் கட்சி.

மற்றொரு சாரார், ஸ்கூட்டரை யார் ஓட்டப் போகிறீர்கள் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. தந்தையார் மறைந்தபின் அதை எவரும் ஓட்டவில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு இடக்கைப் பிடியைத் திருகிக் கியர் மாற்றத் தெரியாது. வாரம் ஒருமுறை மூத்தவர் அதனை உதைத்து ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துவார். அந்த ஐந்து நிமிடமும் வீட்டில் யாரும் பேசமாட்டார்கள். மகன்களுள் ஒருவன், "இப்போது சேத்தக் மின்சாரத்தில் வருகிறது, அதை வாங்குவோமே" என்றான். 2020இல் அந்தப் பெயரிலேயே மின்வண்டி விற்பனைக்கு வந்தது உண்மைதான். இத்தீவின் மின்சாரத்தில் பெரும்பகுதி, கப்பலில் வரும் டீசலை எரித்து ஆக்கப்படுவது என்று அவனுக்கு விளக்கினோம். அவன் முகம் வாடிற்று. அவன் கேட்டது மின்சாரத்தைப் பற்றியன்று, அந்தப் பெயரைப் பற்றி என்பது எங்களுக்குப் பிறகுதான் உறைத்தது.

இரு கட்சியாருக்கும் துணைநிற்க 2004 டிசம்பர் 26ஆம் நாள் இருந்தது. அன்று காலை ஆறரை மணி அளவில் நிலம் ஆடியபோது தந்தையார் வாயிலில் பல் துலக்கிக்கொண்டிருந்தார். ஆட்டம் நின்றதும், சிப்பிகாட்டில் இருந்த தம் நண்பரைப் பார்த்துவருவதாகச் சொல்லி ஸ்கூட்டரில் போனார். தென்னந்தமான் நிலமே ஒரு மீட்டர் அளவு தாழ்ந்துவிட்டது என்பதை அப்போது யார் அறிவார்? கடல் உள்ளே வந்தது. அவர் வண்டியை விட்டுவிட்டு மேட்டில் ஏறினார். அதே நேரத்தில் எங்களுள் மூத்தவர் காரை எடுத்துக்கொண்டு ஜங்லிகாட்டுக் கரையிலிருந்து முதியவர்களையும் பிள்ளைகளையும் மேட்டுக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். ஒரு நடையில் ஒன்பது பேர். நான்கு பேருக்கென்று செய்த கார்! மாலைவரை தந்தையாரிடமிருந்து செய்தியில்லை. இருட்டியபின் நடந்து வந்தார். மறுநாள் போய்ப் பார்த்தால் ஸ்கூட்டர் பாதி உடம்பு உப்புநீரில் சாய்ந்து கிடந்தது. நண்பரின் நெல்வயல்கள் இருந்த இடத்தில் கடல் நின்றது. பல வயல்களிலிருந்து அது திரும்பிப் போகவே இல்லை. அங்கிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, மூன்று நாட்கள் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, கிணற்று நீரில் கழுவி, எண்ணெய் தடவி, நான்காம் நாள் அவர் கிளப்பினார். நகரமே அழுதுகொண்டிருக்கையில் ஒரு ஸ்கூட்டருக்கு இத்தனை பாடா என்று அன்று நாங்கள் முகம் சுளித்தோம். அவருக்குக் கையில் செய்வதற்கு ஒரு வேலை தேவையாக இருந்திருக்கிறது.

ஆக, ஒரு வண்டி ஊராரைக் காத்தது. மற்றது அவரைக் கொண்டுபோய், அவரோடு மூழ்கி, அவர் கையால் மீண்டது. எதை விற்பது? சென்னைத் தங்கை ஒரு வழி கண்டுபிடித்தாள். பழைய ஸ்கூட்டர்களைத் திரட்டிப் புதுக்கிக் காட்சிக்கு வைக்கும் அன்பர் ஒருவர் 35,000 ரூபாய் தர ஒப்பினார். பதிவு அலுவலகத்தில் ஆட்சேபமின்மைச் சான்று பெற்றுக் கப்பலேற்றிவிட வேண்டியது. அந்தத் தொகையில் காரின் தரைத்தகடு முடிந்துவிடும். கண்ணாடி போன்ற தரையில், விளக்கொளியில், கயிறு கட்டி நிறுத்தப்பட்ட தந்தையாரின் ஸ்கூட்டர்! எங்களில் பலருக்கு அது பிடித்திருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. கோயிலில் வைப்பது போன்றதுதானே?

ஜூன் மாதம் ஓர் இரவு இரண்டு மணிக்கு அன்னையாருக்கு நெஞ்சு வலித்தது. வியர்த்துக் கொட்டியது. வெளியே மழை. தொலைபேசியில் அழைத்த இரண்டு ஆட்டோக்காரர்களும் எடுக்கவில்லை. அந்த நேரத்தில் அவர்களைக் குறைசொல்ல என்ன இருக்கிறது? மாடியிலிருந்து அவரை நாற்காலியோடு இறக்கினோம். காரின் சாவியைத் திருப்பினால் மின்கலம் உயிரற்றுக் கிடந்தது. அப்போது கை கொடுத்தது இந்த ஊரின் மேடுதான். மருமகள்மார் இருவரும் இளையவரும் காரைத் தள்ளித் தெருவின் இறக்கத்தில் விட்டார்கள். மூத்தவர் இரண்டாம் கியரில் கிளட்சை விட்டார். இருளில், விளக்கில்லாமல், சத்தமில்லாமல் உருண்ட கார் வளைவுக்குச் சற்று முன்பாக ஒரு குலுங்கு குலுங்கிக் கிளம்பியது. பிளைவுட் பலகையின் இடுக்கால் மழைநீர் அன்னையாரின் பாதத்தில் தெறித்தது. "கீழே என்ன, ஊத்துக் கண்ணு வச்சிருக்கியளா?" என்று கேட்டார். அந்தக் குரலைக் கேட்டபின்தான் நாங்கள் மூச்சுவிட்டோம்.

இதயத்தில் குறையில்லை, இரத்த அழுத்தம் ஏறியிருந்தது. கோவிந்த் வல்லப் பந்த் மருத்துவமனையில் இரண்டு நாள் இருந்தார். இரண்டாம் நாள் காலை, சுற்றியிருந்த எங்களைப் பார்த்து அவரே பேச்சைத் தொடங்கினார். நான்கு மாதமாக அவரிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை என்பது அந்தக் கணத்தில் எங்களுக்கு விளங்கிற்று. கேட்டால் அழுவார் என்று நாங்களே முடிவு செய்துவிட்டிருந்தோம்.

"அந்த ஸ்கூட்டரக் குடுத்துருங்க" என்றார்.

"சென்னைக்காரருக்கு எழுதிவிடட்டுமா, அம்மா?"

"அவரு ஓட்டுவாரா?"

"ஓட்டமாட்டார். அழகாக வைத்துக்கொள்வார்."

"அப்ப வேணாம். நீங்க அத வாராவாரம் உதைச்சுப் பாத்து அழுகுறதுக்கு வச்சிருக்கிய. அவரு பாத்துக்கிட்டு நிக்கிறதுக்குக் கேக்குறாரு. அவுக அத ஓட்டுறதுக்கு வாங்குனாக."

35,000 ரூபாயை ஒரு வாக்கியத்தில் தள்ளிவிட்டுக் கஞ்சி கேட்டார். எங்களுக்கு உள்ளூரச் சற்றுக் கோபம் வந்தது என்பதையும் எழுதிவிடுவதே நேர்மை. தரைத்தகட்டுக்கு வேறு பணம் யார் தருவார்?

ஓட்டுகிற ஆள் கிடைப்பது அருமையாக இருக்கும் என்று எண்ணினோம். ஒரே வாரத்தில் கிடைத்தான். ஜங்லிகாட்டில் மீன் எடுத்து மேட்டுப் பகுதிகளில் வீடுவீடாக விற்கும் இளைஞன். அவன் குடும்பம் இலங்கையிலிருந்து, 1964ஆம் ஆண்டுச் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி திரும்பி, நிக்கோபாரில் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட மலையகத் தமிழர் குடும்பம். ஆழிப்பேரலையில் கச்சால் பட்ட பாட்டை நாம் அறிவோம். அவன் அப்போது கைக்குழந்தை. தாயும் அவனும் மிஞ்சிப் போர்ட் பிளேருக்கு வந்தவர்கள். புது வண்டிக்குத் தவணை கட்ட வழியில்லை. பழைய வண்டியானால் பெட்டி கட்டிக்கொள்ள வலுவான முதுகு வேண்டும். 9,000 ரூபாய், மூன்று தவணையில். அன்னையார் ஒப்பினார். நாங்களும் ஒப்பினோம் என்று எழுதுகிறோம்; அன்று உண்மையில் ஒப்பியவர் அவர் ஒருவரே.

விற்பதற்கு முன் புத்தகம் வாரிசு பெயருக்கு மாற வேண்டுமே. பிள்ளைகள் அனைவரும் எங்களுக்கு ஆட்சேபமில்லை என்று எழுதிக் கொடுத்து, காரையும் ஸ்கூட்டரையும் அன்னையார் பெயருக்கே மாற்றினோம். காலம் தாழ்த்தியதற்கு உரிய தண்டத்தையும் கட்டினோம். அவர் ஒவ்வொரு படிவத்திலும் தமிழில், எழுத்தெழுத்தாக, தம் பெயரை எழுதினார். அந்த வயதுவரை அவர் பெயரில் நிலமில்லை, வீடில்லை, ஒரு மிதிவண்டிகூட இல்லை. ஸ்கூட்டரின் புதிய அட்டை வந்த அன்று அதைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார். தந்தையார் பெயர் போய்விட்டதே என்று வருந்துகிறார் என எண்ணி நாங்கள் வாயடைத்து நின்றோம். "இனிஷியலத் தப்பாப் போட்டிருக்கான்" என்றார். போடவில்லை; கண்ணாடி அணியாமல் பார்த்திருந்தார். பதினெட்டு நாட்கள் அவர் அந்த ஸ்கூட்டருக்கு உரிமையாளராக இருந்தார்.

கொடுத்த அன்று முன்பெட்டியைத் திறந்து வழித்தோம். எண்ணெய் அளக்கும் சிறு பிளாஸ்டிக் குவளை, காகிதத்தில் சுற்றிய பிளக் இரண்டு, உப்புத்தாள் துண்டு, 1987இல் கப்பலில் ஏற்றியதற்கான சீட்டு, மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, ஒரு சிறு குறிப்பேடு. அதில் ஒவ்வொரு முறை பெட்ரோல் போட்டதும் தேதியும் அளவும். கடைசி வரி 2021 அக்டோபர். குறிப்பேட்டை நாங்கள் எடுத்துக்கொண்டோம். மற்றவற்றை அன்னையார் அந்த இளைஞனிடமே கொடுக்கச் சொன்னார். சீட்டையும் கொடுத்துவிட்டார். நாங்கள் தடுப்பதற்குள் அவன் அதனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

காரின் தரைத்தகட்டைக் கடன் வாங்கித்தான் மாற்றினோம். தகுதிச் சோதனையில் தேறி 2027 வரை உயிர் பெற்றிருக்கிறது. 2025 ஆகஸ்டில், இருபது ஆண்டு கடந்த காரைப் புதுப்பிக்கும் கட்டணத்தைப் பத்தாயிரம் ஆக்கிவிட்டார்கள். 2027இல் மறுபடி கூடிப் பேசுவோம். இம்முறை அன்னையாரை முதலில் கேட்பதென்று தீர்மானம்.

தாய்நிலத்தில் ஒரு வண்டியை விற்றால் அது ஒரு சாலையில் புகுந்து எங்கோ போய்விடும். இங்கே போவதற்கு இடமில்லை. விற்ற மறுநாளே அபர்தீன் மணிக்கூண்டருகே எங்கள் ஸ்கூட்டர் எதிரே வந்தது. பின்னால் மீன்பெட்டி, முன்னால் தராசு; முகப்பில் நீலத்துக்குப் பொருந்தாத சிவப்பில் ஒரு வேல். முதன்முறை நெஞ்சு திடுக்கிட்டது. எங்களுள் ஒருவர் சில நாட்கள் அந்தத் தெருவையே தவிர்த்துச் சுற்றிப் போனார். தவிர்த்துக்கொண்டே இருக்க இயலுமா? அடுத்த திங்களில் அதே வண்டியில் வந்த மீனை எங்கள் வீட்டிலேயே வாங்கினோம்.

அறை கட்டி முடிந்து அன்னையார் கீழே குடியேறினார். கொட்டகையின் பாதியில்தான் அவர் கட்டில் இருக்கிறது. சரியாகச் சொன்னால், ஸ்கூட்டர் நின்ற பக்கம். இத்தீவில் விடியல் முந்திவிடும். ஐந்து மணிக்கெல்லாம் வெளிச்சம். அந்த நேரத்தில் அந்த இளைஞன் மேட்டேறி வருவான். வளைவிலேயே ஓசை கேட்கும். ஒரு நாள் காலை காப்பி கொண்டுபோனபோது அன்னையார் கையை உயர்த்திப் பேசாமல் இருக்கச் சொன்னார். வண்டி வாயிலைக் கடந்து, இருமி, மேலே போயிற்று.

"பிளக்குல கரி புடிச்சிருக்கு" என்றார். "கழட்டி உப்புத்தாளு போட்டுத் தேய்க்கணும். அந்தப் பயலுக்குச் சொல்லி அனுப்புங்க."

மாலையில் மீன் வாங்கும்போது சொன்னோம். தேய்க்கத் தெரியாது என்றான். மறுநாள் பிளக்கைக் கழற்றிக்கொண்டு வந்து, அவர் கட்டிலருகே தரையில் உட்கார்ந்தான்.